நகலுக்கு மாறும் நாள்

(பெங்களூரு அடுகோடியில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுகோடி என்றால் பழைய ஆட்களுக்கு மைக்கோதான். 1951-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியில் டீசல் பம்பும் ஸ்பார்க் பிளக்கும் செய்தார்கள். பிற்பாடு பெயர் பாஷ் என்று மாறியது. இயந்திரங்கள் ஓடிய அதே வளாகத்தை 2022 ஜூனில் மென்பொருள் வளாகமாகத் திறந்தார்கள். அப்பா லேத்தில் நின்ற ஊரில் மகள் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறாள். எனவே இன்றைய பொருளை இங்கே பேசுவதற்கு நான் தயங்கவில்லை. இந்த அவையில் பாதிப் பேருக்கு இது அன்றாட வேலை. மீதிப் பேரில் கிளினிக் நடத்துகிறவர்கள் உண்டு, சீட்டு நடத்துகிறவர்கள் உண்டு, பள்ளிக்கூடத்தின் கட்டணக் கணக்கைக் கணினியில் வைத்திருப்பவர்கள் உண்டு. இரண்டு பாதியினருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. முதன்மைக் கணினிக்கு ஒரு நகல் கணினி அமைப்பது இன்றைக்குச் சுலபம். கைபழகியவருக்கு அரை நாள் வேலை. அந்த நகலுக்கு உண்மையிலேயே மாறி, அதில் வேலை நடத்தி, பிறகு பத்திரமாகத் திரும்பி வருவதுதான் கடினம். முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதைச் செய்து பார்க்காமலே நிம்மதியாகத் தூங்குகிறோம். அந்தத் தூக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று காட்டுவதற்கு மும்பையில் நடந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் நகல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கெழுதிய குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் தெரியும். கடையில் நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் நடந்த வரிசையிலேயே முதலில் குறிப்பேட்டில் ஏறும். பிறகு கணக்குப்பிள்ளை நிதானமாக உட்கார்ந்து, யார் யார் பற்று, யார் யார் வரவு என்று பேரேட்டில் பிரித்து ஏற்றுவார். பேரேடு பாதியில் நின்றாலும் பயமில்லை. குறிப்பேடு கையில் இருந்தால் பேரேட்டை மறுபடி எழுதிவிடலாம். தரவுத்தளமும் இதையேதான் செய்கிறது. நீங்கள் பணம் அனுப்பியதும் அந்த மாற்றம் முதலில் லாக் எனப்படும் வரிசைப் பதிவில் எழுதப்பட்டு, வட்டில் உறுதியாகப் பதிந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் ‘முடிந்தது’ என்ற பதில் உங்களுக்கு வருகிறது. அட்டவணைகளில் அந்த மாற்றம் பிறகு சாவகாசமாக ஏறும். நடுவில் மின்சாரம் போனால், எழுந்தவுடன் கணினி அந்தப் பதிவைப் படித்து விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த மீட்பு முறைக்கு ஒழுங்கான இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் நம் ஊர்க்காரர் என்பதை இங்கே பெருமையோடு சொல்ல வேண்டும். சி. மோகன் தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஐஐடியில் படித்தவர். ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வுக்கூடத்தில் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஏரீஸ் முறை பற்றிய நீண்ட கட்டுரை 1992-இல் வெளிவந்தது. தரவுத்தளத்தை உள்ளிருந்து கற்க விரும்பும் யாரும் அதைத் தவிர்க்க முடியாது. 2006 முதல் 2009 வரை ஐபிஎம் இந்தியாவின் தலைமை அறிவியலாளராக இதே பெங்களூரில் இருந்தார். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று நான் அடிக்கடி கேட்பதுண்டு. தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கணினியை அதன் லாக் பதிவைக் கொண்டே மீட்டெடுக்க முடியும் என்றால், அதே பதிவைக் கம்பி வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பினால் அங்கேயும் அதே தரவு உருவாகும். நகலெடுப்பு என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். விலையில்லாதது, பெரிய நிறுவனங்களும் நம்பி ஓட்டுவது. 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து இந்த வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. முதன்மைக் கணினியில் நகலெடுப்புக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு உண்டாக்குகிறீர்கள். அந்தக் கணக்கு எந்த முகவரியிலிருந்து உள்ளே வரலாம் என்று அனுமதிக் கோப்பில் ஒரு வரி சேர்க்கிறீர்கள். நகல் கணினியில் அதே தலைமைப் பதிப்பை நிறுவி, பிஜி பேஸ்பேக்கப் என்ற கருவியை ஓட்டினால், முதன்மை ஓடிக்கொண்டிருக்கும்போதே மொத்தத் தரவும் ஒருமுறை வந்து இறங்கும். ‘நீ ஸ்டாண்ட்பை’ என்று அதற்குத் தெரிவிக்க வெறும் கோப்பு ஒன்று போதும். தொடங்கிவிட்டால் லாக் வரிகள் தொடர்ந்து ஓடிவந்து சேரும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் பெயர்கள் வேறு. அங்கே பின்லாக் என்பார்கள். போகும் வழி பெரும்பாலும் இதுவே.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் மாட்டியவர்கள் ஏராளம். நகல் கணினி கொஞ்ச நேரம் தொடர்பிழந்தாலும் வரிகள் தவறிவிடக் கூடாது என்பதற்காக ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்ற ஏற்பாடு உண்டு. நகல் வாங்கிக்கொள்ளும்வரை முதன்மை அந்த வரிகளை அழிக்காமல் வைத்திருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நகல் கணினி வெள்ளிக்கிழமை இரவு செத்துப்போய் யாரும் கவனிக்கவில்லை என்றால், முதன்மையின் வட்டில் வரிகள் குவிந்துகொண்டே போகும். திங்கட்கிழமை காலை வட்டு நிரம்பி முதன்மையே நின்றுவிடும். காப்பாற்ற வைத்த நகல், காப்பாற்றப்பட வேண்டியதைக் கொன்றுவிடும். 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்சவரம்பு வைக்க முடிகிறது. வையுங்கள். வைத்தால் நகல் பின்தங்கி அறுந்துபோகலாம்; அறுந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். முதன்மை நிற்பதைவிட அது மேல்.

இனி தூரத்தைப் பற்றி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. போய் வர என்று கணக்கிட்டால் நூறு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிவிநாடி. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் நகலெடுப்பின் பாதித் தர்க்கம் விளங்கிவிடும். ஹெப்பாளில் ஆதாரின் தரவு மையம் ஒன்று இருக்கிறது, அடுகோடியிலிருந்து நகரின் மறுகோடி. இன்னொன்று அரியானாவில் குருகிராமை ஒட்டிய மானேசரில் இருக்கிறது. நேர்க்கோட்டில் அளந்தாலே இரண்டுக்கும் நடுவே சுமார் 1,700 கிலோமீட்டர். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. அதாவது இங்கே எழுதிய ஒரு வரி அங்கே பதிந்துவிட்டது என்ற பதில் திரும்பி வர, எவ்வளவு பணம் கொட்டினாலும் 17 மில்லிவிநாடிக்குக் குறைய முடியாது. சென்னை என்றால் மூன்று. அடுத்த தெரு என்றால் கணக்கில் வராது.

இங்கேதான் ஒரு தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. நகலிலும் பதிந்த பிறகே வாடிக்கையாளருக்கு ‘முடிந்தது’ என்று சொல்வது ஒரு முறை. சிங்க்ரனஸ் என்பார்கள். ஒரு வரிகூடத் தொலையாது. ஆனால் ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்தப் போக்குவரத்து நேரத்தைச் சுமக்கும். முதன்மையில் பதிந்ததும் பதில் சொல்லிவிட்டு நகலுக்குப் பின்னால் அனுப்பிக்கொள்வது மற்றது, அசிங்க்ரனஸ். வேகம் குறையாது. ஆனால் முதன்மை திடீரென விழுந்தால், இன்னும் போய்ச் சேராத சில விநாடி வேலை காற்றில் போகும். வாடிக்கையாளரிடம் ‘பணம் வந்தது’ என்று சொல்லியாயிற்று, நகலிலோ அது இல்லை.

பெரிய நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்து வைக்கின்றன. அதே ஊரில் பக்கத்தில் ஒரு நகல், அது உடனுக்குடன். வேறு ஊரில் தொலைவில் ஒரு நகல், அது சற்றுப் பின்தங்கி. நம் நாட்டின் பங்குச் சந்தைகளுக்கு, அவற்றை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு விதித்திருப்பதும் இந்த மூன்று இட ஏற்பாடுதான். தொலைவு மையம் வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருப்பது நல்லது, அது முடியாவிட்டால் குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது அதன் விதி.

இப்போது மும்பைக்கு வருகிறேன்.

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ-யில் காலை வணிகம் நடந்துகொண்டிருந்தது. முதன்மை மையம் மும்பையில், அருகு மையமும் மும்பையில், தொலைவு மையம் சென்னையில். காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லாத ஏற்பாடு. முதன்மைக்கும் அருகு மையத்துக்கும் நடுவே இரண்டு வெவ்வேறு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன, ஒன்று போனால் இன்னொன்று என்று. அன்று இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளும் நிலைகுலைந்தன. சாலையில் தோண்டும் வேலையும் கட்டுமான வேலையும் காரணம் என்று அந்த நிறுவனங்கள் தெரிவித்ததாக என்எஸ்இ பிற்பாடு விளக்கியது.

இணைப்பு அறுந்தால் நகல் பின்தங்க வேண்டும், முதன்மை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நாம் எதிர்பார்ப்பது அதுதான். நடந்தது வேறு. இரண்டு இடங்களையும் இணைத்திருந்த சேமிப்பகக் கட்டமைப்பு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது. முதன்மையில் இருந்த வட்டுகளையே முதன்மைச் சர்வர்களால் அணுக முடியாமல் போனது. நகலுக்காகப் போட்ட பாலம் உடைந்தபோது இந்தக் கரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. வாங்கும் விற்கும் ஆணைகளைப் பொருத்தும் இயந்திரம் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தரகரிடமும் போதிய பிணைத்தொகை இருக்கிறதா என்று கணத்துக்குக் கணம் பார்க்கும் இடர் கண்காணிப்பு அமைப்பு கிடைக்கவில்லை. நிஃப்டி குறியீட்டுக் கணக்கும் வரவில்லை. கண்காணிப்பு இல்லாமல் வணிகத்தை விட முடியாது. 11.40-க்கு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள்.

சென்னையில் ஒரு மையம் தயாராக இருந்தது. அதற்கு மாறவில்லை. மும்பையிலேயே சரிசெய்துவிடலாம் என்று மணிக்கணக்கில் முயன்றார்கள். மாலை 3.30-க்கு மூட வேண்டிய சந்தை மீண்டும் திறக்குமா என்று தெரியாமல், கையில் இருந்த நிலைகளை மும்பைப் பங்குச் சந்தையில் போய்க் கிடைத்த விலைக்கு முடித்துக்கொண்டவர்கள் பலர். கடைசியில் 3.45-க்குத் திறந்து 5 மணிவரை நடத்தினார்கள். பிற்பாடு 2023-இல் என்எஸ்இ-யும் அதன் கிளியரிங் நிறுவனமும் ரூ.72 கோடிக்கும் மேல் கட்டி, இந்த நிறுத்தம் குறித்த வழக்கை செபியுடன் முடித்துக்கொண்டன.

ஏன் மாறவில்லை? நான் அந்த அறையில் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தத் தயக்கம் நன்றாகவே புரியும். தொலைவு நகல் சற்றுப் பின்தங்கியே இருக்கும். மாறினால் கடைசிச் சில விநாடிகளின் கணக்கைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். மாறிய பிறகு அங்கே ஏதாவது ஓடவில்லை என்றால் நிலைமை இரண்டு மடங்கு கெடும். திரும்பி வருவதற்கு வழி தெளிவாக இருக்கிறதா என்ற கேள்வி வேறு. இதற்கிடையே பொறியாளர் ஒருவர் ‘இன்னும் பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிடும்’ என்பார். அந்தப் பதினைந்து நிமிடம் நாலு தடவை ஓடினால் ஒரு மணி நேரம். மாறிப் பழகாத எவருக்கும் பழைய இடத்தையே சரிசெய்வதுதான் பாதுகாப்பாகத் தோன்றும். நகல் இருந்தும் நகலில்லாத நிலை இப்படித்தான் உண்டாகிறது.

செபி இதிலிருந்து கற்றுக்கொண்டது என்பதே என் கருத்து. அடுத்த மாதமே, 2021 மார்ச்சில், விதியை மாற்றி எழுதினார்கள். முக்கிய அமைப்பு ஒன்று தடைப்பட்டால் 30 நிமிடத்துக்குள் ‘பேரிடர்’ என்று அறிவித்தாக வேண்டும். அறிவித்ததிலிருந்து 45 நிமிடத்துக்குள் தொலைவு மையத்தில் வேலை தொடங்க வேண்டும். தரவு இழப்பு 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த முதல் எண். மற்ற இரண்டும் இயந்திரத்துக்கு வைத்த கெடு. முதலாவது மனிதனுக்கு வைத்த கெடு. ‘இன்னும் பதினைந்து நிமிடம்’ என்ற பேச்சுக்கு அந்த 30 நிமிடம் முற்றுப்புள்ளி வைக்கிறது. அரசு ஒழுங்குமுறைகளைக் குறை சொல்லத்தான் நமக்கு எப்போதும் காரணம் கிடைக்கும். நன்றாக எழுதிய விதியைப் பார்த்தால் பாராட்டவும் வேண்டும்.

2024 மார்ச் 2 உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். சனிக்கிழமை, விடுமுறை நாள், ஆனால் சந்தையைத் திறந்தார்கள். காலை 9.15 முதல் 10 வரை வழக்கமான மையத்திலிருந்து. இடைவேளை. 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்திலிருந்து. உண்மையான பணம், உண்மையான பங்கு, உண்மையான வணிகம். மே 18-ஆம் தேதி சனிக்கிழமை மறுபடியும் அப்படியே ஒரு அமர்வு. தொலைக்காட்சியில் இதை ஒரு விநோதச் செய்தியாகக் காட்டினார்கள். எனக்கு அது அந்த ஆண்டின் மிக நல்ல செய்திகளில் ஒன்று. நாட்டின் சேமிப்பைச் சுமக்கும் ஓர் அமைப்பு, எல்லோரும் பார்க்க, தன் நகலின்மேல் ஏறி நின்று காட்டியது.

‘மாறுவதை மனிதரிடம் விடுவானேன், கணினியே முடிவு செய்யட்டுமே’ என்று இளைஞர்கள் கேட்பீர்கள். அப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டு. 2018 அக்டோபர் 21 அன்று, உலகத்து மென்பொருளாளர்கள் பலரும் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப்பில், அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு ஒளியிழைக் கருவியை மாற்றும் வேலை நடந்தது. 43 விநாடி இணைப்பு அறுந்தது. 43 விநாடிதான். அதற்குள் தானியங்கி அமைப்பு, கிழக்கு செத்துவிட்டது என்று தீர்மானித்து மேற்குக் கரை நகலை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கோ சாகவில்லை. அறுந்த நேரத்தில் அங்கே எழுதப்பட்ட சில விநாடி வேலை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ புதிய வேலை எழுதத் தொடங்கியாயிற்று. ஒரே கணக்குக்கு இரண்டு உண்மைகள். எதையும் தூக்கி எறியாமல் சேவையை முழுதாகச் சீராக்க அவர்களுக்கு 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது. வேகமாகச் சேவையைக் கொடுப்பதைவிடத் தரவைக் காப்பது முக்கியம் என்று அவர்கள் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன்.

தானியங்கி மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒரு சாட்சிக் கணினி இருந்து, பெரும்பான்மை சொன்னால்தான் மாறலாம் என்று வைத்து, பழைய முதன்மையை எழுதவிடாமல் கட்டிப்போட்ட பிறகே புதியது எழுந்தால் அது நன்றாகவே ஓடும். ஆனால் ஐந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இது தேவையில்லை. அங்கே தேவை, யார் ‘மாறலாம்’ என்று சொல்வது என்ற தெளிவு. இரண்டு பேரின் பெயரும் கைப்பேசி எண்ணும் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். முதலாளி விமானத்தில் இருந்தாலும் இரண்டாமவர் சொல்லலாம் என்ற அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நகல் கணினி இருக்கிறது, எனவே பேக்கப் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகல் கீழ்ப்படிதலுள்ளது. முதன்மையில் ஒருவர் தவறுதலாக வாடிக்கையாளர் பட்டியலை அழித்தால், நகலும் அடுத்த விநாடியே அதே விசுவாசத்தோடு அழித்துவிடும். கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அட்டவணைகளைக் குலைத்தால் நகலும் குலையும். நேற்றைய நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் நேற்றைய பேக்கப் வேண்டும். வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி ஓடும்படி ஒரு நகலை அமைக்கவும் முடியும். வசதி உள்ளவர்கள் அதையும் வையுங்கள்.

கிட்ஹப்பைப் போலவே நிரல்களை வைத்துக் காக்கும் கிட்லாப் என்ற நிறுவனத்தின் கதையை இத்தொழிலில் புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வேன். 2017 ஜனவரி 31. ஒரு முதன்மை, ஒரு நகல், இரண்டும் போஸ்ட்கிரெஸ். அன்று சுமை கூடி நகல் பின்தங்கி அறுந்துபோயிற்று. இரவு வெகு நேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் நகலைப் புதிதாகக் கட்ட நினைத்து, அதன் தரவு அடைவை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கட்டளை போனது முதன்மைக் கணினிக்கு. ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால், தினசரி பேக்கப் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அஞ்சல் அமைப்பிலேயே நிராகரிக்கப்பட்டு யாரையும் சென்று சேரவில்லை. சேமிப்பிடம் காலியாக இருந்தது. வைத்திருந்த ஐந்து வகை ஏற்பாட்டில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். ஆறு மணி நேரத்துக்கு முன், சோதனை வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்து வேலையில் ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 700 பயனர் கணக்குகளும் போயின.

அந்த நிறுவனம் நடந்ததை மறைக்கவில்லை, அந்தப் பொறியாளரைப் பலிகொடுக்கவும் இல்லை. மீட்பு வேலையை உலகம் பார்க்க நேரலையில் காட்டினார்கள். அறிக்கையில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. இங்கே மேலாளர்களாக இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். இரவு பதினொரு மணிக்குச் சோர்ந்துபோன ஒரு பிள்ளையின் விரல்நுனியில் கம்பெனி மொத்தமும் தொங்கும்படி வைத்த ஏற்பாடுதான் குற்றவாளி.

நகலை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அடுகோடிக்காரர்களிடம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. பெருமழை பெய்தால் ஈஜிபுரமும் கோரமங்கலாவும் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையின் ஐடி வளாகங்களுக்கு ஆட்கள் டிராக்டரில் போனார்கள். அதே நாட்களில் டி.கே. ஹள்ளியில் காவிரி நீரேற்று நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து நகரத்தின் குடிநீரே தடைப்பட்டது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, 1878 முதல் வந்துகொண்டிருந்த தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பை அச்சிட ஆட்கள் அச்சகத்தை எட்ட முடியாமல் ஒரு நாள் இதழ் வெளிவரவில்லை. ஆகவே முதன்மை அடுகோடியில், நகல் கோரமங்கலாவில் என்றால் அது ஒரே மழைக்கு இரண்டு கணினிகளைக் கொடுப்பதாகும். ஒரே மேசையில் கணினியும், அதன் பக்கத்தில் பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்கும் கிடக்கும் அலுவலகங்களை நான் நிறையப் பார்க்கிறேன். திருடனுக்கு ஒரே பை போதும்.

வெளியே நகலே வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்கொரியாவைவிடக் கணினி தெரிந்த அரசாங்கம் குறைவு. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசின் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம், 858 டெராபைட், எரிந்தே போனது. வெளியே நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது, எனவே நகல் எடுக்கவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். தமிழர்களுக்கு இந்த வலியை யாரும் சொல்லித்தர வேண்டாம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத ஏடுகள் அவற்றில் இருந்தன. அவை இனி எந்தக் காலத்திலும் வராது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் சேர்த்துவருவதை நான் இத்தொழிலின் மிக உயர்ந்த வேலையாகக் கருதுகிறேன்.

நேரமாகிறது. உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. கடை, கிளினிக், பள்ளி எதுவாக இருந்தாலும், அடுத்து வரும் ஒரு விடுமுறை நாளில் உங்கள் முதன்மைக் கணினியை நிறுத்திவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகலை எழுப்பி அதில் ஒரு ரசீது போடுங்கள், ஒரு நோயாளியின் பழைய குறிப்பைத் திறந்து பாருங்கள், ஒரு அறிக்கை எடுங்கள். மென்பொருள் பழைய முகவரியையே தேடி நிற்கும், கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாது, பிரிண்டர் வராது. முதல் தடவை இப்படி ஏதாவது நடந்தே தீரும். அவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய முதன்மையை அப்படியே மறுபடி எழுதவிடாமல், புதியதற்கு நகலாகச் சேர்த்து, பிறகு முறைப்படி திரும்புங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று அந்தத் தாளின் அடியில் எழுதி, ஆறு மாதம் கழித்து மறுபடி செய்யுங்கள். அதோடு பேக்கப் ஒன்றை எடுத்து வேறொரு கணினியில் விரித்தும் பாருங்கள்.

தரவுத்தள வேலையில் இருக்கும் தம்பி தங்கையரே, உங்களுக்கு இது அரை நாள் வேலை. பக்கத்துத் தெருக் கிளினிக்குக்கும் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் இதைத் தெரிந்தவர் வேறு யாரும் வரமாட்டார்கள். அந்த அரை நாளை அவர்களுக்குக் கொடுங்கள். இன்று போகும் முன் வாசலில் இருக்கும் நோட்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.